காலுள்ள உள்ளாடை: டிராயரிலிருந்து பெண்கள் பாக்சர் வரை

பெண்களின் கீழ் உள்ளாடையில் தொடையை மூடும் கால்பகுதி இருப்பது புதிய செய்தியல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் முதன்முதலில் பரவலாக அணிந்த கீழ் உள்ளாடையே முழங்காலைத் தொடும் டிராயர்தான். நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தக் கால்பகுதி சிறுகச் சிறுகச் சுருங்கி, 1960களில் ஏறக்குறைய மறைந்தேபோனது. இன்று பெண்களுக்கென்றே வெட்டித் தைத்த பாக்சர் வகை உள்ளாடை கடைகளில் விற்கிறது. அதை ஆண்களின் அலமாரியிலிருந்து வந்த புதுவரவு என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மேலே உடுத்தும் ஆடை மாறியபோதெல்லாம் உள்ளே இருந்த துணி நீண்டது, குறுகியது. உடுத்துபவரின் வசதியைக் கருதி அது வெட்டப்பட்ட காலங்கள் குறைவு.

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெரும்பாலான பெண்கள் கால்சட்டை வடிவில் எதையும் உள்ளே அணியவில்லை. முழங்கால்வரை தொங்கும் லினன் உள்சட்டை, அதன்மேல் அடுக்கடுக்காகப் பாவாடைகள், அவ்வளவே. இத்தாலி விதிவிலக்கு. அங்கே 16ஆம் நூற்றாண்டில் வசதி படைத்த பெண்கள் அணிந்த, பூவேலை செய்த லினன் டிராயர்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டனில் 1663ஆம் ஆண்டு மே மாதம் கடற்படை நிர்வாக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தம் மனைவிக்கு நடனம் கற்பிக்க வந்த ஆசிரியர்மேல் சந்தேகப்பட்டு, மனைவி வழக்கம்போல் அன்று டிராயர் அணிகிறாரா என்று படுத்தபடியே கவனித்ததை வெட்கத்தோடு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆக, அணிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இரண்டு கால்களையும் தனித்தனியே மூடும் ஆடை ஆணுக்குரியது என்ற எண்ணம் வலுவாக இருந்ததால் பழக்கம் பரவவில்லை.

1790களுக்குப் பின் கவுன்கள் மெலிந்தன. வங்காளத்து மஸ்லினிலும், அதைப் பார்த்து இங்கிலாந்து ஆலைகள் நெய்த மெல்லிய பருத்தியிலும் தைத்த ஆடைகள் உடலோடு ஒட்டித் தொங்கின. அவற்றின் அடியில் பல அடுக்குப் பாவாடைக்கு இடமில்லை. குளிருக்கும் பிறர் பார்வைக்கும் தடுப்பாக டிராயர் உள்ளே புகுந்தது. 1800களின் முதல் பத்தாண்டில் லண்டன் சீமாட்டிகளிடையே அது தொடங்கியபோது கொஞ்சம் வம்புக்குரிய பொருளாகவே இருந்தது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் மகள் சார்லட் வண்டியில் ஏறி இறங்கும்போது டிராயர் வெளியே தெரிவதாக அவரைக் கவனித்துக்கொண்ட டி கிளிஃபோர்ட் சீமாட்டி 1811இல் கடிந்துகொண்டார். இளவரசி அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த டிராயரின் அமைப்பு இன்றைய கண்ணுக்கு விசித்திரமாகப் படும். தனித்தனியான இரண்டு கால்குழாய்கள், மேலே இடுப்புப் பட்டியில் மட்டும் ஒன்றுசேரும். பட்டியை நாடாவாலோ பொத்தானாலோ முடிவார்கள். கவட்டுப் பகுதி முன்னிருந்து பின்வரை தைக்கப்படாமல் திறந்தே இருக்கும். இதில் ஒழுக்கக்கேடு இருப்பதாக அன்றைக்கு எவருக்கும் தோன்றவில்லை. காரணம் எளிது. இடுப்பை இறுக்கும் கச்சுக்கு அடியில் டிராயரின் பட்டி சிக்கியிருக்கும். அதன்மேல் நாலைந்து பாவாடைகள். இயற்கை உபாதைக்குப் போகும் நேரத்தில் அத்தனையையும் அவிழ்த்து இறக்குவது நடக்கிற காரியமல்ல. திறந்த கவடு இருந்தால் பாவாடையைத் தூக்கினால் போதும். மூடித் தைத்த டிராயர்தான் அக்காலத்தில் ஆண்தன்மை உள்ளதாக, ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் பொருந்தாததாகக் கருதப்பட்டது. இன்றைய எண்ணத்துக்கு நேரெதிரான இந்த நிலை எப்படித் தலைகீழானது என்பதை அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜில் ஃபீல்ட்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

டிராயரைப் பழக்கமாக்கியது 1856இல் வந்த கிரினோலின் கூண்டு. பாவாடையை விரித்துப்பிடிக்க எஃகு வளையங்களைக் கோத்துச் செய்த இந்தக் கூண்டு பல பாவாடைகளின் சுமையைக் குறைத்தது. ஆனால் காற்று பலமாக அடித்தாலோ, குறுகிய இடத்தில் உட்கார்ந்தாலோ ஒரு பக்கம் அப்படியே தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு டிராயர் இல்லாமல் வெளியே போவதை நடுத்தர வர்க்கப் பெண்கள் நினைத்துப்பார்க்கவில்லை. கோடைக்குப் பருத்தி, குளிருக்குக் கம்பளி ஃபிளானல் என்று துணியும் பிரிந்தது.

அமெரிக்காவில் இதற்குச் சற்று முன்பே வேறொரு முயற்சி நடந்தது. 1851இல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் ஊரில் பெண்ணுரிமை ஆர்வலர் எலிசபெத் ஸ்மித் மில்லர் துருக்கியப் பாணித் தொளதொளக் கால்சட்டையும் அதன்மேல் குட்டைப் பாவாடையும் அணிந்து தெருவில் நடந்தார். அமெலியா புளூமர் தம் 'தி லில்லி' இதழில் அதை ஆதரித்து எழுதியதால் அந்த உடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அது வெளியே உடுத்தியது, உள்ளாடை அல்ல. கேலி தாங்காமல் பலர் சில ஆண்டுகளில் கைவிட்டனர். புளூமரும் 1850களின் இறுதியில் நீளப் பாவாடைக்குத் திரும்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் வேடிக்கை. கிரினோலின் கூண்டே போதுமான அளவு பாரத்தைக் குறைத்துவிட்டதாம்.

வெளியுடையில் தோற்றவர்கள் உள்ளாடைக்குத் திரும்பினார்கள். மேலும் கீழும் ஒன்றாக இணைந்த ஃபிளானல் உள்ளாடை ஒன்று, பெண்விடுதலையைப் பெயரிலேயே சுமந்துகொண்டு, 1868இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய பட்டிகளின் பாரத்தைத் தோளுக்கு மாற்றுவது அதன் நோக்கம். லண்டனில் 1881இல் ஹார்பர்ட்டன் சீமாட்டியும் அவர் தோழியரும் தொடங்கிய பகுத்தறிவு உடைக் கழகம், பெண்ணின் உள்ளாடைகள் எல்லாம் சேர்ந்து ஏழு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. இந்த அளவைச் சீர்திருத்தம் என்று சொல்லவேண்டியிருந்ததே அன்றைய நிலைக்குச் சான்று. அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் குஸ்தாவ் யேகர் உடலைத் தொடும் துணி விலங்கு ரோமமாகவே இருக்கவேண்டும் என்று வாதாடினார். அவர் பெயரில் லண்டனில் கம்பளி உள்ளாடைக் கடையே 1884இல் வந்தது. அரிப்பைப் பற்றி அந்த வாதம் அதிகம் கவலைப்படவில்லை.

1890களின் சைக்கிள் மோகம் சீர்திருத்தக்காரர்களின் துண்டறிக்கைகளைவிட வேகமாக வேலை செய்தது. இரண்டு சக்கரமும் ஒரே அளவான, சங்கிலியால் ஓடும் சைக்கிளில் பெண்களும் ஏறினார்கள். தோல் இருக்கையில் உட்கார்ந்து மிதிக்கும்போது திறந்த கவடு உதவாது, பாவாடை அடுக்கும் உதவாது. முழங்காலில் கூட்டிக் கட்டிய, கவடு மூடிய நிக்கர்கள் விற்பனைக்கு வந்தன. பெண்கள் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்புகளிலும் அதே வடிவம் நுழைந்தது. அங்கே பழகிய சிறுமிகள் வளர்ந்தபின் பழைய திறந்த டிராயருக்குத் திரும்பவில்லை. 1920களுக்குள் மூடிய கவடு பொதுவழக்கமாகிவிட்டது.

அந்தப் பத்தாண்டில் பாவாடையின் விளிம்பு முழங்கால்வரை ஏறியது. உள்ளே முழங்கால்வரை டிராயர் அணிந்தால் நுனி வெளியே தெரியும். டிராயர் தொடையின் நடுவுக்குச் சுருங்கியது. பட்டிலோ செயற்கைப் பட்டிலோ தைத்த, அகலமான காலுள்ள, தளர்வான இந்த உள்ளாடைகளைப் பிரெஞ்சு நிக்கர் என்றும், நடனக்காரிகள் ஒத்திகையில் அணிந்ததால் டாப் பேன்ட் என்றும் அழைத்தனர். வெட்டைப் பார்த்தால் இன்றைய நெய்த துணிப் பாக்சருக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். அகலமான தொடைவாய், கால்களுக்கு நடுவே ஒட்டுத்துண்டு, இடுப்பில் சுருக்கம். ஆண்களின் பாக்சர் இன்னும் கடைக்கு வராத காலம் அது.

இடுப்பில் நாடாவுக்கும் பொத்தானுக்கும் பதில் ரப்பர் வந்த கதை தனி. 1820இலேயே லண்டனில் தாமஸ் ஹான்காக் கையுறை, காலுறை போன்றவற்றில் ரப்பர் கீற்று வைத்துத் தைக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அந்த ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை வந்தபின்தான் அது உருப்படியானது. உடைகளுக்கு ஏற்ற மெல்லிய ரப்பர் நூல், அதாவது ரப்பர் இழையின்மேல் பருத்தி நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ், 1930களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அதற்கான ரப்பர் பாலில் ஒரு பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போனது. அங்கே பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள், அவர்களில் பெண்களும் ஏராளம்.

ஆண்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். நியூயார்க்கில் எவர்லாஸ்ட் நிறுவனத்தை நடத்திய ஜேக்கப் கோலம்ப் 1925இல் குத்துச்சண்டைக்காரர்களின் தோல் பட்டி வைத்த கால்சட்டைக்குப் பதிலாக எலாஸ்டிக் இடுப்பு வைத்ததைத் தந்தார். கால் விரித்து நகர அது வசதியாக இருந்தது. அந்த வடிவமே உள்ளாடையாகிப் பாக்சர் என்ற பெயர் பெற்றது. பத்தாண்டு கழித்து, 1935 ஜனவரியில், பின்னாளில் ஜாக்கி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் காலில்லாத ஜட்டி சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் கடையில் அறிமுகமாகி, கடும் பனிப்புயல் நாளிலும் விற்றுத் தீர்ந்தது. ஆண்கள் உலகில் ஜட்டியா பாக்சரா என்ற பிரிவு அன்றுமுதல்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் வசமானதும் நேச நாடுகளுக்கு மலாயா ரப்பர் நின்றது. அமெரிக்கப் படைவீரர்களின் உள் கால்சட்டையில் எலாஸ்டிக்குக்குப் பதில் மீண்டும் நாடாவும் பொத்தானும் வந்தன. பிரிட்டனில் எலாஸ்டிக் மிக அரிதான பொருளாகி, கச்சு, பெண்களின் நிக்கர் ஆகியவற்றுக்கு மட்டுமே கிட்டியது. பெண்கள் படைப்பிரிவுகளில் வழங்கிய முழங்கால் நீள, கெட்டித் துணி நிக்கர்களை அணிந்தவர்களே கேலி செய்தார்கள். ஊரை இருட்டாக்கும் போர்க்கால விளக்கணைப்பின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். அழகில்லை என்பதுதான் குறை. குளிர்காலக் காவல் பணியில் அவை உதவவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் கால்பகுதி மறைந்தது. நைலான் பின்னல் துணி மலிவாகவும் விரைவில் உலர்வதாகவும் இருந்தது. காற்றுப் புகாத அந்தத் துணியில் வியர்வை தேங்கியதால் கவட்டில் பருத்தித் துண்டு வைத்துத் தைப்பது வழக்கமானது. 1958இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார், லைக்ரா என்று விற்றது அதுதான். 1959இல் வட கரோலினாவில் இடுப்புவரை நீளும் காலுறை, அதாவது டைட்ஸ், விற்பனைக்கு வந்தது. 1960களின் மினி ஸ்கர்ட் எஞ்சியிருந்த தொடைத் துணியையும் துடைத்தெடுத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கால்பகுதி போனதும் தொடைகள் ஒன்றோடொன்று உரசித் தோல் சிவந்து புண்ணாகும் தொல்லை உடனே பெரிதாகத் தெரியவில்லை. 1950களில் தொடைவரை நீண்ட எலாஸ்டிக் இறுக்காடை அந்த இடத்தை மூடியிருந்தது. அதை விட்டபின் டைட்ஸ் மூடியது. பெண்கள் டைட்ஸ் அணிவதைக் குறைக்கத் தொடங்கிய 1990களில்தான் வெறுந்தொடை மீண்டும் வெறுந்தொடையோடு உரசியது. கோடையில் பாவாடைக்கு அடியில் சைக்கிள் ஓட்டும் ஷார்ட்ஸை அணிவது, தொடையில் டால்கம் பவுடர் தட்டிக்கொள்வது என்று பெண்கள் தாங்களே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆடை வணிகம் இதைத் தன் வேலையாக எண்ண நெடுநாள் பிடித்தது.

அதற்கிடையே ஆண்களின் உள்ளாடை பெண்களிடம் வேறு வழியில் வந்துசேர்ந்தது. 1982இல் ஜாக்கி பெண்களுக்கென ஆண்கள் ஜட்டியின் அமைப்பிலேயே பருத்தி உள்ளாடையை விற்கத் தொடங்கியது. 1983இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் கால்வின் கிளைன் அதே பாதையில் ஜட்டியும் பாக்சரும் கொண்டுவந்தார். பெண்களுக்கு எந்த வேலையும் செய்யாத முன்திறப்பை அவர் வேண்டுமென்றே வைத்தார். நகையாடலும் கண்டனமும் விளம்பரமாகவே பயன்பட்டன. 1985இன் இறுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் மாடல் நிக் கேமன் சலவைக் கடையில் ஜீன்ஸைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பாக்சரோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் பாக்சர் இளைஞர்களின் அடையாளமாயிற்று. வீட்டில் தூங்கவும் சும்மா இருக்கவும் அண்ணனுடையதையோ கணவனுடையதையோ எடுத்து அணிந்துகொள்ளும் பழக்கம் பெண்களிடம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் கால்வின் கிளைன் நிறுவனம் பாக்சரின் காலையும் ஜட்டியின் இறுக்கத்தையும் இணைத்து, பின்னல் துணியில் பாக்சர் பிரீஃப் வகையைப் பரப்பியது. இன்று பெண்கள் வாங்குவது பெரும்பாலும் இதன் வழிவந்ததுதான்.

ஆண்களின் பாக்சர் தளர்வாக இருப்பதால் யாருக்கும் பொருந்தும் என்பது படுக்கையறையோடு முடிகிற உண்மை. அதன்மேல் பேன்ட்டோ சுடிதாரோ போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடந்தால் வெட்டின் குறை தெரிந்துவிடும். ஆண்களின் அளவில் இடுப்புக்கும் புட்டத்துக்கும் வேறுபாடு குறைவு. பெண்ணின் புட்டத்துக்குப் பொருந்துவதாக ஒன்றை எடுத்தால் இடுப்புப் பட்டி தொளதொளக்கும். இடுப்புக்குப் பொருந்துவது தொடையில் இறுகி மேலே சுருளும். முன்பக்கத்தில் ஆணுக்காக விட்ட உபரித் துணி பெண்ணிடம் மடிந்து கட்டியாக நிற்கும், இறுக்கமான பேன்ட்டில் அது வெளியே தெரியும். பின்பக்கமோ நேர்மாறு. பெண்ணின் உடலுக்கு முன் உயரத்தைவிடப் பின் உயரம் கூடுதலாக வேண்டும். அது போதாவிட்டால் உட்காரும்போது பட்டி கீழே இறங்கும், நடுத்தையல் உள்ளே இழுபடும்.

இதைச் சரிசெய்ய நடுத்தையலை அகற்றி, கவட்டில் சாய்சதுர வடிவ ஒட்டுத்துண்டு வைக்கவேண்டும். அப்போது நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்தித்து அழுத்துவதும் நிற்கும். நெய்த துணிக்கு நீட்சி இல்லாததால் உடல் அளவைவிடச் சில அங்குலம் கூட்டி வெட்டுகிறார்கள். ஸ்பான்டெக்ஸ் கலந்த பின்னல் துணியை உடல் அளவைவிடக் குறைத்தே வெட்டுகிறார்கள், அணியும்போது அது விரிந்து ஒட்டிக்கொள்ளும். கால்பகுதியின் நீளமும் தற்செயலாக விடக்கூடியதல்ல. தொடைகள் உரசும் இடத்தைத் துணி தாண்டினால்தான் பயன், சரியாக அந்த இடத்திலேயே விளிம்பு முடிந்தால் வெறுந்தோல் உரசலைவிட மோசம். விளிம்பின் எலாஸ்டிக் இறுகினால் தொடையில் தடம் பதியும், தளர்ந்தால் துணி ஏறிச் சுருண்டுவிடும்.

2000களில் பாய்ஷார்ட் என்ற பெயரில் கடைகளை நிறைத்த உள்ளாடை இந்தச் சிக்கல் எதையும் தீர்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸுக்கு ஏற்ப மேல்பட்டி தாழ்ந்து, கால் ஓர் அங்குலமே நீண்டது, பல வகைகளில் அதுவும் லேஸ் துணி. புட்டத்தின் பாதியில் முடியும் விளிம்பு நடக்க நடக்க உள்ளே ஏறும். பெயரை மட்டும் பையன்களிடம் கடன்வாங்கி, காலை வாங்காமல் விட்டது அது. பேன்ட்டின்மேல் உள்ளாடைக் கோடு தெரியாது என்ற ஒரே லாபத்துக்காகப் பலர் சகித்துக்கொண்டார்கள்.

தொடை மூடும் நீளத்தில், முன்திறப்பு இல்லாமல், பெண் உடலின் அளவிலேயே வெட்டிய பாக்சர் பிரீஃப் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் தனி வணிகமாயிற்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபிரான் டனவேயும் நவோமி கொன்சாலஸும் 2013இல் தொடங்கிய டாம்பாய்எக்ஸ் முதலில் சட்டைகள்தான் விற்றது. உள்ளாடை கேட்டு வாடிக்கையாளர்கள் தொடர்ந்து எழுதியதால் மறு ஆண்டு பாக்சர் பிரீஃப் செய்தது, விரைவில் அதுவே அந்நிறுவனத்தின் முதன்மைச் சரக்காயிற்று. ஆண் உள்ளாடை அணிந்துவந்த பெண்களும், தொடை உரசலுக்குத் தீர்வு தேடியவர்களும், பெரிய அளவு கிடைக்காமல் அலைந்தவர்களும் அதை வாங்கினார்கள். பின்னர் வேறு பல நிறுவனங்கள் மாதவிடாய்க் கால உள்ளாடையையும் இந்த வடிவில் தரத் தொடங்கின. அகன்ற கவட்டுத்துண்டுக்குள் உறிஞ்சும் அடுக்கு வைக்கப் பாக்சர் பிரீஃபில் இடம் தாராளம்.

தமிழ்நாட்டில் சேலைக்கு உள்பாவாடையும் சுடிதாருக்கு அதன் கால்சட்டையும் இருந்ததால் தொடையை எதைக்கொண்டு மூடுவது என்ற கேள்வி வேறு விதமாக எழுந்தது. சேலை கட்டுபவருக்குத் தொடை உரசல் புதிதல்ல. உள்பாவாடை தொடைகளுக்கு நடுவே வராது, சுற்றிலும்தான் மறைக்கும். வெயில் காலத்தில் உள்ளே ஒரு ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வதைப் பலர் சொல்லாமல் செய்துவருகிறார்கள். பள்ளிப் பாவாடைக்கு அடியில் சிறுமிகளுக்கு ஷார்ட்ஸ் போட்டு அனுப்புவதும் வழக்கம். சைக்கிளில் போகும்போதும் விளையாடும்போதும் பாவாடை தூக்குமே என்ற கவலைதான் அங்கே முதற்காரணம், கிரினோலின் காலத்துக் கவலையிலிருந்து அது தொலைவில் இல்லை.

உற்பத்தியில் தமிழர்களின் பங்கு பெரிது. 1920களில் பனியன் பட்டறைகள் தோன்றிய திருப்பூர், பின்னலாடையிலேயே வளர்ந்த ஊர். ஓவர்லாக், ஃபிளாட்லாக் போன்ற எந்திரத் தையலில் தேர்ந்த பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். உள்நாட்டுச் சந்தைக்கான உள்ளாடைகளில் கணிசமான பகுதி பவர்டேபிள் எனப்படும் கூலித் தையல் கூடங்களில் தைத்து முடிகிறது. இலங்கையில் மாஸ், பிராண்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் மேலைநாட்டுப் பெயர்களுக்குப் பெண்கள் உள்ளாடை தைத்தே வளர்ந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் கிளிநொச்சியிலும் அத்தகைய ஆலை வந்தது. காலுள்ள வகைக்கு ஜட்டியைவிடத் துணி கூடுதலாகச் செலவாகும், கால்விளிம்பை மடித்துத் தைக்கவேண்டும், கவட்டுத்துண்டுக்குத் தனியாக வெட்டு உண்டு. ஒரு ஜட்டிக்குக் கொடுக்கும் விலையில் அது கிடைப்பதில்லை என்பதற்கு இவையே காரணம். இந்தியக் கடைகளில் பெண்கள் பாக்சர் இன்னும் பெரும்பாலும் இரவு உடை வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது, உள்ளாடை அலமாரியில் அல்ல.